சம்பந்திக்குக் கொண்டுபோன மாத்திரைகள்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இளம் வயதுப் பெண். மேலே நாலு சேலை, அதற்கு அடியில் இருபத்திரண்டு மாத்திரைப் புட்டிகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மீன் எண்ணெய், கால்சியம், மெக்னீசியம், மஞ்சள் சத்து, திராட்சை விதைச் சாறு, பெயரை நானே ஒரு மூச்சில் சொல்ல முடியாத இன்னும் சில. விற்பதற்கா என்று கேட்டார். இல்லையம்மா, சம்பந்திக்கு என்றேன். அவருக்கு என்ன நோய் என்றார். நோயெல்லாம் இல்லை, நூறு வயது வரை இருப்பதாக முடிவு செய்திருக்கிறார் என்றேன். அவர் புட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தன் கையாலேயே திரும்ப அடுக்கிக் கொடுத்தார்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் ஒரு மருந்துக்கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவள். ஒரே மகள் மலர், நாலு வருடத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய மாமனார் சுப்பிரமணியம் அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை கண்காட்சிக்காக ஜெர்மனி போயிருந்தார். அவர் வரும்வரை பத்து நாள் வந்து இருங்கள் என்று மலர் கூப்பிட்டாள். நான் வருகிறேன் என்ற செய்தி போன அரை மணி நேரத்தில் சம்பந்தியிடமிருந்து பட்டியல் வந்துவிட்டது. அங்கே கிடைப்பதுதான் அசல் சரக்கு என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

என்னை அழைத்துப்போக வந்தது கம்பெனி வேன். பின்னால் முழுக்கத் துணிச் சுருள்கள். தெக்கலூர் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. ஓட்டுநர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. அரை மணி நேரம் ஒரு புளியமரத்து நிழலில் நின்றுவிட்டு, பேருந்திலேயே போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பேருந்தில் பெட்டியை ஏற்றிவிட்டது இந்தி பேசும் இரண்டு இளைஞர்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் உண்டு. ஒருவன் மற்றவனிடம் சொன்னது புரிந்தது: “இந்த அம்மா பெட்டியில் சோளப்பொரி கொண்டுபோகிறார் போல, ஆட்டினால் சத்தம் வருகிறது.” நான் இந்தியில் மாத்திரை என்றேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தேனிப் பக்கமாம், இங்கே ஒரு கம்பெனியில் டெய்லர். அவனிடம் என்ன சொன்னேன் என்று கேட்டவள், பெட்டியில் மாத்திரை என்றதும் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். போன வருடம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குமாம், மிஷினில் உட்கார்ந்தால் கண் இருட்டுமாம். அரசு மருத்துவமனையில் ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். நர்சு திட்டி மறுபடி கொடுத்து, சாப்பிட்டபின் போடு, டீயோடு போடாதே என்று சொல்லிக் கொடுத்தாராம். “இப்ப மூணு மாடி நிக்காம ஏறுறேன்க்கா” என்றாள். இறங்கும்போது என் பெட்டியைத் தொட்டு, உங்களுக்கும் ரத்தம் கம்மியா என்று பரிவோடு கேட்டுவிட்டுப் போனாள்.

வீடு மேலே, கம்பெனி கீழே. சம்பந்தி வாசலுக்கே வந்து நின்றார். இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தபோது வாட்டசாட்டமாக இருந்த மனிதர், இப்போது சட்டை தோளில் மாட்டித் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு கிலோ குறைந்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். கையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி. நான் காலைக் கழுவி உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் அதில் பாதியைக் காலி செய்துவிட்டு, இரண்டு முறை எழுந்து குளியலறைக்குப் போய் வந்தார்.

அவர் மனைவி ருக்குமணி என்னைவிட இரண்டு வயது இளையவர். அன்று அரிசிம்பருப்பு செய்திருந்தார். அரிசியும் பருப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்த்து வேகவைத்து, மேலே நெய் விட்டுத் தருவார்கள். ஈப்போவில் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், இந்த ருசி வராது. நானும் மலரும் ருக்குமணியும் சாப்பிட்டோம். சம்பந்தி எதிரே உட்கார்ந்து வேகவைத்த புரொக்கோலியை எடை போட்டார். ஆமாம், எடைதான் போட்டார். நூல் எடை பார்க்கும் சின்ன மின்தராசு ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்திருந்தார். அறுபதுக்கு மேல் அரிசி விஷம் என்று ஒரு காணொளியில் ஒரு டாக்டர் சொன்னாராம். பால் மட்டும் எலும்புக்கு நல்லது என்று மூன்று டம்ளர்.

சனிக்கிழமை காலையில் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்டினார் என்பதைவிட அவருடைய நடையில் நானும் சேர்ந்துகொண்டேன் என்பதுதான் சரி. கைபேசியில் அடி எண்ணிக்கொண்டே கட்டிங் மேசையிலிருந்து பேக்கிங் வரை, அங்கிருந்து திரும்பக் கட்டிங் மேசை வரை நடப்பார். தினம் பத்தாயிரம் அடி. ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைத் தூக்காமலே காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பழக்கமாகிவிட்டது. அவரோ மூச்சு வாங்கினார். மூன்றாவது சுற்றில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கிறது, உடம்பில் இருக்கும் நச்சு வெளியே போகும்போது அப்படித்தான் இருக்குமாம் என்றார்.

வெளியே நடக்கலாமே என்றேன். வெயிலும் புகையும் ஆகாது என்றார். எனக்கு எங்கள் ஊர்ப் பூங்கா ஞாபகம் வந்தது. காலை ஆறரைக்குச் சீனக் கிழவர்களும் கிழவிகளும் வந்துவிடுவார்கள். கையை மெதுவாக ஆட்டி அரை மணி நேரம் உடற்பயிற்சி. பிறகு காப்பிக்கடையில் இரண்டு மணி நேரம் நூடுல்ஸ் போட்ட மீ சூப்பும் ஊர்வம்பும். இதில் எது அவர்களை எண்பது தாண்ட வைக்கிறது என்று எனக்குத் தெரியாது. வம்புக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மதியம் புட்டிகளைக் கொடுத்தேன். பிள்ளைகள் பட்டாசு வாங்குவதைப் போல வாங்கிக்கொண்டார். ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த பெரிய டப்பா ஒன்று வைத்திருந்தார். ஒரு அறையைத் திறந்து பதினாறு மாத்திரைகளைக் கையில் கொட்டிக் காட்டினார். முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான், என் வாயில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வேறு என்ன சொல்வது என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்தில் ருக்குமணியின் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. மங்கலம் வழியாகக் காரில் போனோம். மலர் ஓட்டினாள். ஊர் நெருங்கும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஞாயிறு என்று எந்தத் தறியும் ஓய்ந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள் என்பதால் மண்டபத்திலும் எல்லோரும் உரக்கத்தான் விசாரித்தார்கள். மலேசியாவில் இட்லி கிடைக்குமா என்று ஒரு பெரியவர் கேட்டது வாசல் வரை கேட்டிருக்கும்.

பந்தியில் போளி போன்ற ஒப்புட்டு, இடியாப்பம் மாதிரி சந்தகை, கொள்ளுப் பருப்பு, தக்காளிச் சாறு. அன்று நான் சாப்பிட்டதை இங்கே முழுதாக எழுதினால் என் டாக்டர் படித்துவிடுவார். சம்பந்தி இலை முன் உட்கார்ந்து, தன் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே நறுக்கிய வெள்ளரிக்காய். பரிமாறிக்கொண்டு வந்த ருக்குமணியின் தங்கை அப்படியே நின்றுவிட்டார். ஒரு வாயாவது சாப்பிடுங்க மாமா என்று கெஞ்சினார். சம்பந்தி மிகவும் பணிவாகக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். பிறகு அந்த வெள்ளரிக்காயையும் இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை. எழுந்து போனவர் வாந்தி எடுக்கும் சத்தம் கைகழுவும் இடத்திலிருந்து கேட்டது.

திரும்பி வரும் வழியில்தான் எனக்குப் பயம் வந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர், எங்கே போகிறோம் என்று மலரிடம் கேட்டார். வீட்டுக்கு மாமா என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அதையே கேட்டார். மங்கலம் தாண்டியதும் மூன்றாவது முறை கேட்டார். பின்னால் திரும்பி ருக்குமணியைப் பார்த்து, செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ருக்குமணி, “நான் ருக்குமணிங்க” என்று மட்டும் சொன்னார்.  அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் படுக்க வைத்துவிட்டு, மாத்திரை டப்பாவையும் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கொட்டச் சொன்னேன். மலர் ஒவ்வொரு அட்டையையும் புட்டியையும் படிக்க, நான் ஒரு தாளில் எழுதினேன். கால்சியம் நாலு புட்டியில் இருந்தது. வைட்டமின் டி ஐந்தில் இருந்தது. அது போதாதென்று தனியாக வைட்டமின் டி அட்டைகள் ஒரு கட்டு. மிக அதிக அளவு கொண்ட மாத்திரை, வாரத்துக்கு ஒன்றுதான் போடவேண்டும். போன வருடம் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் கூடவே இருந்தது. எட்டு வாரம் எப்போதோ முடிந்திருந்தது.

இதை எப்படிப் போடுகிறீர்கள் என்று போய்க் கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, தெளிவாகவே பதில் சொன்னார்.

“தினமும் ஒண்ணுங்க சம்மந்தியம்மா. அஞ்சு மாசமாப் போடறேன். வாரத்துக்கு ஒண்ணே அவ்வளவு நல்லது பண்ணுதுன்னா, தினமும் போட்டா எவ்வளவு பண்ணோணும்.”

தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, தளர்ச்சி, ருக்குமணி சொன்ன மலச்சிக்கல், இப்போது இந்தத் தடுமாற்றம். எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்க வேண்டும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் மறுத்தார். நல்ல சாமான் சாப்பிட்டு யாருக்காவது கெடுதல் வருமா என்று கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம், ஷிப்மெண்ட் இருக்கிறது என்றார். நாலு வருடமாக ஒருவருக்கொருவர் மறுத்துப் பேசியே அறியாத சம்பந்திகள் நாங்கள்.

“நாளைக்கு இல்லீங்க, இப்பவே” என்றேன். அவர்கள் ஊர்ப் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. “உங்க கிட்னி போயிடும். சட்டையைப் போடுங்க.”

சட்டையைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. நான் எழுதிய தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. கால்சியம் அபாயமான அளவில் இருந்தது, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டு சலைன் ஏற்றினார்கள். மாத்திரை, பால் எல்லாம் நிறுத்தம். இந்த வைட்டமின் மிஞ்சினால் உடம்பு அதை வெளியே தள்ளாது, அது கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும், இறங்க நாளாகும் என்று டாக்டர் விளக்கினார். சிறுநீரகம் பழையபடி ஆகுமா என்று மலர் கேட்டாள். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், ஆகும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இன்றைக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் பார்த்த திருப்பூர் அந்த ஆஸ்பத்திரிதான். கீழே கேன்டீனில் ராகிக் களியும் கீரையும் கிடைத்தன. சுற்றுலா வந்தவள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் புகழக்கூடாது, இருந்தாலும் புகழ்கிறேன். அடுத்த அறையில் ஒரு ஒடிசாப் பையனுக்குக் காய்ச்சல். அவனைப் பார்க்க அவனோடு வேலை செய்யும் எட்டுப் பேர் வந்து, நர்சு ஏழு பேரை விரட்ட, அவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து முறைவைத்து ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ருக்குமணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். இருவரும் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். என்னால் அதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன தீபாவளிக்கு ஆறு புட்டி அனுப்பியது நான். இந்த முறை இருபத்திரண்டு. பட்டியலைப் பார்த்தபோதே ஒரே சத்து மூன்று நாலு இடத்தில் வருகிறது என்று கண்ணில் பட்டது. கடையில் ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தால் எதற்கு இத்தனை என்று கேட்டிருப்பேன். சம்பந்தி என்பதால் கேட்கவில்லை. இத்தனையையும் அவரிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். இந்தப் புட்டிகளை நான் முப்பது வருடம் விற்றிருக்கிறேன். முதுமைக்குப் பயந்து வாங்குகிறவர்கள் விலைகூடக் கேட்க மாட்டார்கள், எத்தனை நாளில் தெரியும் என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ருக்குமணி தூக்கின் மூடியைத் திறந்து மூடினார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

“உங்களைச் சொல்லி என்னுங்க” என்றார். “கூடவே இருக்கறவ நான். மூணு மாசமா அவரு நல்லால்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. நேத்து வெச்ச சாவி இன்னைக்கு எங்கேன்னு தெரியாம நிப்பாரு. கேட்டா, இளமை திரும்புதும்பாரு. அவரு சந்தோசத்தைக் கெடுக்க வேண்டாம்னு நானும் வாய மூடிட்டு இருந்துட்டனுங்க.”

பிறகு சட்டென்று எழுந்து, சாப்பிடலாம் வாங்க என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். 

புதன்கிழமை சம்பந்திக்குத் தெளிவு வந்துவிட்டது. வாந்தி நின்றது. இட்லி கேட்டார். நான் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். அவருடைய அப்பா ஐம்பத்தெட்டில் போனாராம். பெரியண்ணன் அறுபதில், சின்னண்ணன் ஐம்பத்தொன்பதில், எல்லோருக்கும் நெஞ்சுவலி. இவருக்குப் போன தையில் அறுபத்தைந்து முடிந்தது.

“எங்கூட்டுல ஆம்பளைங்க யாரும் அறுபதைத் தாண்டுனதில்லீங்க. அறுபத்தஞ்சு வயசுல ஒரு மனுசன் என்ன சாப்பிடோணும், எப்படி நடக்கோணும், எதுக்குப் பயப்படோணும்னு பார்த்துக்கறதுக்கு எனக்கு முன்னால ஆளே இல்லீங்க. போன்ல வர்றவங்க சொல்றதைத்தான் கேட்டேன்.”

 என் கணவர் போனது ஐம்பத்தாறில். அவர் பார்க்காத வயதுகளைத்தான் நானும் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, உங்களுக்குப் பயமில்லீங்களா என்று கேட்டார். காலையில் பூங்காவில் எட்டுப் பேரோடு நடந்து, பிறகு வம்பு பேசி முடிப்பதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது, பயப்பட நேரம் குறைவு என்றேன். முதல் முறையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். சம்பந்தியை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். அவர் எழ முயன்றார். இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு சாண் கிளம்பித் திரும்ப விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. முகம் சிவந்துவிட்டது. டாக்டர் ருக்குமணியைப் பார்த்து நீங்கள் எழுந்திருங்கள் பார்க்கலாம் என்றார். ருக்குமணி கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தார். போதுமா இன்னும் வேணுமா என்பதுபோல டாக்டரைப் பார்த்தார். சேட்டை செய்யும் நாலு குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மலர் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள்.

“நீங்க பன்னெண்டு கிலோ குறைச்சதில கொழுப்பு மட்டும் போகலீங்க, சதையும் போயிடுச்சு. வயசானா முதல்ல காப்பாத்த வேண்டியது அதைத்தான். பருப்பு, முட்டை, மீன், உங்க ஊட்டுச் சாப்பாடு எல்லாம் சாப்பிடுங்க. வெளிய நடங்க. தினமும் நாற்காலியில உக்காந்து எழுந்திரிங்க. நல்லாத் தூங்குங்க, நாலு பேர்கிட்டப் பேசுங்க. குறைச்சல் இருந்தாத்தான் மாத்திரை. அதும் நான் எழுதினா, எழுதின நாள் வரைக்கும்.”

பாலும் வெயிலும் மட்டும் இப்போதைக்குக் குறைவாக, வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. நெஞ்சுவலிக் குடும்பம் என்பதால் ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், அதற்கு வேண்டிய மாத்திரை ஒன்றை அவரே எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு புட்டிகளையும் என்ன செய்வது என்று கேட்டேன். யாருக்கும் தானம் கொடுத்துவிடாதீர்கள் என்றார். ஆஸ்பத்திரியிலேயே மருந்துக் கழிவோடு போட்டுவிட்டோம்.

சனிக்கிழமை மாலை, நான் கிளம்புவதற்கு முந்தின நாள், தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையம் வரைக்கும் போய் வந்தோம். அங்கே ருக்குமணிக்குத் தெரிந்த தோட்டத்தில் மாம்பழம் எடுக்க வேண்டும் என்று பெயர். உண்மையில் சம்பந்தியை வெளியே கூட்டிப்போவதுதான் நோக்கம். வெயில் இறங்கியிருந்தது. தோட்டத்து வரப்பில் ஒரு கையால் ருக்குமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடி எண்ணவில்லை, கைபேசி காரில் இருந்தது. கூடையைத் தூக்க வந்த தோட்டக்காரரிடம் மழை, கிணறு, தென்னைக்கு வந்த நோய் என்று அரை மணி நேரம் பேசினார். அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ருக்குமணிக்கு என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமாகவும் இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை முந்தின நாள் இரவே வந்துவிட்டார். ஈப்போவில் மறுநாள் காலை பூங்காவில் எல்லோரும் திருப்பூரில் என்ன வாங்கினாய் என்று கேட்டார்கள். ஆளுக்கு இரண்டு பனியன் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் ரத்தப் பரிசோதனை முடிவை மலர் அனுப்புவாள். கால்சியம் மெல்ல மெல்ல இறங்கியது. சிறுநீரகக் கணக்கு மட்டும் இரண்டு வாரம் அசையாமல் நின்று என் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்றாவது வாரம் அதுவும் நகர்ந்தது.

ஐந்தாவது வாரம் மலருக்குப் பதில் ருக்குமணி கூப்பிட்டார். என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டதாம், டாக்டர் இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டும் அவர் போனை வைக்கவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று புரிந்து, வேறு விசேஷம் உண்டா என்று கேட்டேன்.

“நேத்து எங்கூட்டுல சண்டைங்க” என்றார். அந்தத் தோட்டத்திலிருந்து மறுபடி வந்த மாம்பழக் கூடையில் கடைசியாக இருந்த பழத்தை ருக்குமணி பேச்சுவாக்கில் தின்றுவிட்டாராம். எனக்கு வைக்காமல் எப்படித் தின்னலாம் என்று சம்பந்தி கத்த, நீங்க தின்ன மூணு கணக்கில் இல்லையா என்று இவர் கத்த, கீழே கம்பெனியில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“ஆறு மாசமாச்சுங்க அவரு எங்கிட்டச் சண்டை போட்டு” என்று சொன்னவருக்குக் குரல் உடைந்து, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. பின்னாலிருந்து சம்பந்தியின் குரல், போனில் யாரு, சம்மந்தியம்மாவா, அவங்ககிட்டயே நியாயம் கேளு என்று அதட்டியது. ருக்குமணி என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பதில் சொல்லப் போனார். நான் காதில் போனை வைத்தபடி, அவர்கள் இருவரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.